காவித் துண்டின் ஓரத்துப் பூ

பதினோரு வயதில் என் அத்தையிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று. வேலையோடு அவளுடைய நல்ல வருஷங்களும் போயின. விளையாட்டுக்குச் சொன்ன பொய் அல்ல அது. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்து, அது நடக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் வயதுக்காரர்கள் சின்ன வயதை எழுத உட்கார்ந்தால் மற்றவர்களையெல்லாம் நல்லவர்களாக்கிவிட்டு, நம்மைக் கொஞ்சம் குறும்புக்காரர்களாகக் காட்டிக்கொள்கிறோம். நானும் அப்படி எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். இப்போதும் பௌர்ணமி நெருங்கினால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. திருவண்ணாமலையில் பொய் சொன்னவனுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. எந்தச் சந்தில் திரும்பினாலும் மலை நிற்கிறது.

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம். கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. போளூர்ப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மாமா, ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் அதையாவது நினைத்து அழுதிருப்பேன் என்று அத்தை சொல்வாள். அந்த வழியாகப் பஸ் ஓட்டும் ஒருவர், மாமா அண்ணாமலையில் காவி கட்டிக்கொண்டு நடந்துபோவதைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் தகவல். மாமியார் வீட்டில், ‘ஆம்பள இருக்கற ஊருக்கே போய்த் தேடிக்கோ’ என்று பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊருக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் ஒரு வகை, ஆளைத் தேடி வருகிறவர்கள் இன்னொரு வகை என்பது உங்களுக்கே தெரியும். மடியில் ஒரு போட்டோவைச் சுற்றி வைத்துக்கொண்டு, லாட்ஜ் வாசலிலும் குளத்தங்கரையிலும் காவி கட்டிய ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். அத்தையும் அப்படி ஆனாள். அவளுடைய போட்டோவில் மாமாவுக்கு வலது புருவத்தை இரண்டாக வெட்டியது போல ஒரு தழும்பு இருந்தது. அதைத்தான் தேட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் எனக்கும் சரியில்லை. மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லியும் மோர்ச்சோறுமாகக் கட்டிலில் கிடந்தேன். பரீட்சை போயிற்று. கூடப் படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். என்னை அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. சந்தில் அவர்கள் பந்தடிக்கும் சத்தம் சாயங்காலமானால் ஜன்னல் வழியாக வரும். ஒருவனும் எட்டிப் பார்த்ததில்லை. அப்பா தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். வீடு வந்து சேர நேரமாகும். அம்மாவுக்குச் சமையலும் கைக்குழந்தையும். பகல் முழுக்க வீட்டில் போக்கிடம் இல்லாமல் இருந்தவர்கள் நானும் அத்தையும்தான்.

அத்தை மூன்று காரியங்களைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்களைக் கடந்தாள். மலை, ஊசி, கதை.

மாதாமாதம் பௌர்ணமியன்று கிரிவலம் போவாள். அப்போது இன்றைக்குப் போலக் கூட்டம் கிடையாது. புளியமரங்களுக்கு நடுவே மண் பாதை, அங்கங்கே மாட்டுவண்டித் தடம், தோளில் குழந்தையோடு நாலைந்து பேர். அந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குக் காவித் துண்டு கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நெசவில் இழை விட்டுப்போன வெள்ளைத் துண்டுகளைக் கடையிலிருந்து அப்பா கொண்டுவருவார். காவிக்கல்லை உரைத்துக் கரைத்து, அண்டாவில் முக்கி, மொட்டை மாடியில் உலர்த்துவாள். மழை பெய்த மண்ணின் வாசனை வீடு முழுக்க இருக்கும். அவள் உள்ளங்கை ரேகைகளில் அந்த நிறம் போகவே போகாது. அவள் பிசைந்து போட்ட சோற்றிலும் லேசாகக் காவி வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

உலர்ந்த துண்டின் ஒரு மூலையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி இழுத்துக்கட்டி, ஒரு பூப் போடுவாள். சிவப்பு நூலில் ஐந்து இதழ். பச்சை நூலில் காம்பு. காம்பின் இடது பக்கம் ஒரே ஓர் இலை. வலது பக்கம் வெறுமையாக இருக்கும். கல்யாணமான புதிதில் மாமாவுக்குத் தைத்துக் கொடுத்த கைக்குட்டைகளிலும் இதே பூதானாம். “இன்னொரு எலைய எந்த ஆடு மேய்ஞ்சுது?” என்று மாமா கேலி செய்வாராம். அதற்காகவே பிறகும் அவள் இரண்டாவது இலையைப் போடவில்லை.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை.

“சாமியாருக்குக் குடுக்கற துண்டுக்குப் பூ எதுக்கு பாப்பா? அவரு இன்னா கல்யாணத்துக்கா போறாரு?”

“ஏதோ ஒண்ணு அவரு கைக்குப் போச்சுன்னா தெரிஞ்சுக்குவாரு அண்ணி. நான் இங்கதான் இருக்கேன்னு.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கதை மத்தியான வேளைக்கு. தெருக்கோடியில் இருந்த கம்பவுண்டர் வீட்டில் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள். அது ஏழெட்டு வீடு சுற்றி, எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாகக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரும். அத்தை தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் துளை போட்டு, தடித்த நூலால் புத்தகமாகத் தைப்பாள். உங்கள் வீடுகளிலும் அப்படிப்பட்ட தைத்த புத்தகங்கள் இருந்திருக்கும். இப்போது ஒன்றுகூட இருக்காது. எங்களுடையதும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் வாசிக்கும்போது எனக்குப் பந்தடிக்கும் சத்தம் கேட்காது.

அத்தனை கை மாறி வருவதால் ஏதாவது ஒரு வாரம் காணாமல் போய்விடும்.

“அத்த, போன தடவ அவன் ரயில் ஏறினான். இங்க ஆஸ்பத்திரில கிடக்கறான். நடுவுல இன்னா ஆச்சு?”

“ஒரு வாரம் விட்டுப்போச்சுடா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, நாமளே போட்டுக்க வேண்டியதுதான்.”

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்குவாள். ரயிலில் யார் ஏறினார்கள், என்ன பேசினார்கள், எந்த ஸ்டேஷனில் மழை பிடித்தது என்று எல்லாம் வரும். பிறகு எப்போதாவது அந்த வாரத்துப் பத்திரிகை எங்கிருந்தோ அகப்பட்டுப் படித்தால் சப்பென்று இருக்கும். அத்தை போட்ட வாரம்தான் சரி என்று எனக்குத் தோன்றும்.

உடம்பு தேறியதும் கிரிவலத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். விடியலில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அடி அண்ணாமலை தாண்டிவிடுவோம். முன்னால் போகும் காவிகளை எட்டிப் பிடித்து, தாண்டி, திரும்பி முகம் பார்ப்பது என் வேலை. ஒரு நாள் மூச்சு வாங்க நின்றபோது அத்தை சொன்னாள்:

“இந்த ஊர்ல ஆளத் தேடறது கஷ்டம்டா. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்தறாங்க. அவரும் நடக்கறவரா இருந்தா, நாம போற வேகத்துல அவரும் போய்க்கினே இருப்பாரு. எத்தன வருஷம் நடந்தாலும் முதுகுகூடத் தெரியாது.”

“அப்ப எதிர்ப்பக்கமாப் போலாம் அத்த. எல்லாம் எதிர்ல வருவாங்கல்ல?”

“சீ, வாய்ல போடு. சாமி குத்தம்.” பிறகு சிரித்தாள். “மூளையப் பாரு இவனுக்கு.”

ஐப்பசி தொடக்கத்தில் அப்பா ஒரு செய்தியோடு வந்தார். கல்யாணத்துக்கு முன்பே அத்தை தையலில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறியிருந்தாள். அரூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேண்டுமாம். தங்குவதற்கு அங்கேயே ஓர் அறை உண்டு. கடைக்கு ஜவுளி எடுக்க வந்த ஒருவர் சொல்லி, அப்பா பேசி முடித்திருந்தார். மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“இன்னா முடிவு பண்ணின பாப்பா?” என்றார் அப்பா.

“இந்தப் பௌர்ணமி ஒண்ணு போய்ட்டு வந்துடறேன் அண்ணா. அப்பவும் ஒண்ணும் தெரியலன்னா கிளம்பிடறேன். மலை மேல பாரத்தப் போட்டுட்டேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்.”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “போய்டு பாப்பா. அங்க உன்ன டீச்சர்னு கூப்புடுவாங்க. இங்க தெருவுல உன்ன இன்னான்னு சொல்றாங்கன்னு உனக்கே தெரியும்.”

அம்மா அத்தையைத் துரத்தப் பார்க்கிறாள் என்று அன்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அம்மாவை முறைத்தார். தங்கையைப் பாசத்தோடு வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதாக ஊர் அப்பாவைத்தான் புகழ்ந்தது. அந்த வீட்டில் அத்தைக்கு எது நல்லது என்று தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். இது எனக்குப் புரிந்தபோது அம்மா இல்லை.

மறுநாள் மத்தியானம் அத்தையிடம் கேட்டேன்: “நீ போய்ட்டா விட்டுப்போன வாரத்த யாரு போடுவாங்க?”

“நீயே போட்டுக்கோ. பெரிய பையனாயிட்டல்ல.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். நான் போய் அதன் திறந்த மூடியைச் சாத்தினேன். அந்தச் சில நாட்களும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். அம்மா, “காலுல சக்கரமா கட்டினுகிற?” என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பௌர்ணமியன்று முதல் நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. அடி அண்ணாமலையை நெருங்கும்போது அத்தையின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. கோயில் மதிலோரம் உட்கார்ந்து ஊக்கால் நோண்டினாள். வரவில்லை. மிச்சமிருந்த துண்டுகளை என் கையில் கொடுத்தாள்.

“முன்னாடி மண்டபத்துல நாலஞ்சு பேரு இருப்பாங்க. குடுத்துட்டு வா. முகத்த நல்லாப் பாரு.”

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிழவர்கள். ஒருவர் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, “புதுசு” என்றார். புருவத்தில் தழும்பு யாருக்கும் இல்லை. ஒரு துண்டு மிஞ்சியது. திரும்பும் வழியில், பாதையை விட்டுத் தள்ளிப் புதர்களுக்கு நடுவே, மலையைப் பார்த்துப் படுத்திருக்கும் கல் நந்தி ஒன்று உண்டு. மழையில் நனைந்து கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மிஞ்சிய துண்டை அதன் கழுத்தில் கட்டினேன். பூ வெளியே தெரியும்படி முடிச்சை இழுத்துவிட்டேன். ஏன் கட்டினேன் என்றால் காரணம் ஒன்றும் இல்லை. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. வந்ததும் ஓடினேன். ஓடிக்கொண்டே வார்த்தைகளைத் தயார் செய்தேன்.

“அத்த, மாமா.”

அவள் கையிலிருந்து ஊக்கு விழுந்தது.

“துண்டு குடுத்தேன். வாங்கினாரு. ஓரத்தப் பார்த்தாரு. பூவ உள்ள வெச்சு மடிச்சுக்கிட்டாரு. மாமான்னு கூப்டேன். பேசல. மலை மேல ஏறிப் போய்ட்டாரு.”

“தழும்பு?”

“இருந்துச்சு.”

முள் ஏறிய காலோடு அத்தை ஓடினாள். மண்டபத்துக்குப் பின்னால் கல்லும் முள்ளும் புதருமாக மலைச்சரிவு கிடந்தது. கொஞ்சதூரம் ஏறிப் பார்த்தாள். கூப்பிட்டாள், பெயர் சொல்லவில்லை, ‘என்னங்க’ என்றுதான் கூப்பிட்டாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன்னையா என்று திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பாவிடம் அத்தை சொன்ன முதல் வார்த்தை, “அண்ணா, நான் போகல.”

“சின்னப் பையன், அவன் எதுக்குப் பொய் சொல்லப்போறான்?” என்று அப்பா நம்பிவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா மட்டும் என் காதைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போனாள். கொடியில் காவித் துண்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் மலை.

“மலையப் பார்த்துச் சொல்லு. நீ பார்த்தியா?”

நம் ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. நான் மலையைப் பார்த்தேன். “பார்த்தேன். சத்தியமா” என்றேன்.

அம்மா என் காதை விட்டாள். என் முகத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என்னை நம்பவில்லை. ஆனால் சத்தியத்துக்கு எதிராகப் பேச அவளுக்குத் துணிவில்லை. கீழே போய், அன்றும் வெயிலில் வைத்திருந்த பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது எனக்குக் கிடைக்கவில்லை. அத்தை வாசிப்பதை விட்டுவிட்டாள். பத்திரிகை வந்து மூலையில் கிடந்தது. “இப்ப வேணாம்டா, துண்டு நிறைய இருக்கு” என்பாள். பௌர்ணமி மட்டும் போதாதென்று செவ்வாய்க்கிழமையும் கிரிவலம் போகத் தொடங்கினாள். வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க வளையமும் ஊசியும்தான். “எப்படி மடிச்சாரு? இப்படியா, இப்படியா?” என்று ஒரு துண்டை நீட்டி என்னிடம் கேட்பாள். நான் மடித்துக் காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி மடிக்க வேண்டுமே என்ற பயம் தவிர எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பயமும் போயிற்று. பந்தடிக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். ஹைஸ்கூல், பிறகு வேலூரில் காலேஜ். ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட அன்று ஒரு வெள்ளைத் துண்டின் ஓரத்தில் அதே பூவைப் போட்டுக் கொடுத்தாள். அதில்தான் தலை துவட்டினேன்.

படித்து முடித்து ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது எண்பதுகளில் பாதி ஓடியிருந்தது. அதற்குள் எனக்குத் தூக்கம் கெட ஆரம்பித்திருந்தது. அத்தைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லாமலே பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்ற எண்ணம். அவள் மெஷினுக்குக் குங்குமம் வைத்து, “என் டீச்சர் வேலை வீட்டுக்கே வந்துடுச்சு பாரு” என்றாள்.

லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், கூடத்தில் அத்தைக்கு எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பையனின் போட்டோ. சிதம்பரம் பக்கமாம். மகனைத் தேடி வந்தவளை, அத்தையைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள்.

“ஊருக்குத் திரும்பிடாதம்மா” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். “இங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கு. நானும் ஒரு தடவ கிளம்பறேன்னு பெட்டியத் துடைச்சவதான். அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரரு துண்ட வாங்கி ஓரத்தப் பார்த்தாரு. மடிச்சுக்கிட்டாரு. தோ, இவன்தான் கண்ணால பார்த்தவன். கேட்டுப் பாரு.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

நான் எழுந்து வெளியே போனேன். சந்தில் முன்னும் பின்னும் நடந்தேன். அந்த அம்மாள் போனதும் உள்ளே வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கால் பெடலில் மெதுவாகி நின்றது.

“தழும்பு?”

“நான் யாரையும் பார்க்கல அத்த.”

“அப்ப அந்தத் துண்டு?”

“நந்தி கழுத்துல கட்டினேன்.”

“நந்திக்கா?” என்றாள். சிரித்தாள். பெரிதாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று நினைப்பதற்குள் அது நின்றுவிட்டது. “எதுக்குடா?”

“நீ போகாம இருக்கணும்னு.”

வெகுநேரம் மெஷினின் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா எந்த லாட்ஜ்னு சொன்னாங்க? ஓடு. ஊருக்குப் போகச் சொல்லு.”

ஓடினேன். லாட்ஜில் அந்த அம்மாள் இல்லை. ரூமைக் காலி செய்துவிட்டு, வாடகைக்கு இடம் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு, குளத்தங்கரை, கோபுர வாசல் எல்லா இடத்திலும் தேடினேன். அகப்படவில்லை. அவள் மகனைக் கண்டுபிடித்தாளா, எத்தனை வருஷம் தேடினாள் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அத்தை எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அடி அண்ணாமலையில் ஓர் அறை எடுத்து, அந்த ஊர்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள். அப்பா தடுத்துப் பார்த்தார். அம்மா பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். மெஷினையும் அத்தை வண்டியில் ஏற்றினாள். “மெஷின் நல்ல மெஷினு. அது மேல எனக்கு இன்னா கோவம்?” என்றாள், என்னைப் பார்க்காமல். பௌர்ணமிக்குத் துண்டு கொடுப்பதை நிறுத்தவில்லை. துண்டின் ஓரத்தில் பூ மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பௌர்ணமிதோறும் லீவு போட்டு வந்து, கிரிவலப் பாதையில் எதிர்ப்பக்கமாக நடந்தேன். மாமாவைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் அத்தை முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்ற வெறி. எதிரே வருகிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். “யோவ், எந்தப் பக்கம் போற? குடிச்சிருக்கியா?” என்று கேட்டார்கள். ஒரு கிழவி குச்சியை ஓங்கினாள். “படிச்சவன் மாதிரி இருக்க, வலம் எது இடம் எதுன்னு தெரியாதா?” என்றாள்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழிக் காலையில், பனிக்குள்ளிருந்து ஒருவர் எதிரே வந்தார். தாடி நரைத்து, காவி வெளுத்து, வேகமாக நடந்து வந்தார். வலது புருவம் இரண்டாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல், குளிருக்குக் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து நீட்டினேன். ஹாஸ்டலுக்குப் போகும்போது அத்தை பூப்போட்டுக் கொடுத்த துண்டு. பூப்போட்டதில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவர் வாங்கினார். ஓரத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் காம்பின் வலது பக்கம், இலை இல்லாத இடத்தைத் தடவினார். பிறகு பூ உள்ளே போகும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மாமா” என்றேன்.

“வேற யாரோன்னு நினைச்சுட்டீங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் பாதையை விட்டு விலகி, மலைப்பக்கமாக ஏறிப் போனார். பின்னால் ஓடினேன். முள்ளில் வேட்டி மாட்டிக்கொண்டது. பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது பாறைகள்தான் இருந்தன.

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். பெண்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு வெள்ளை ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று ஓடிக்கொண்டே தயார் செய்த அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. புதிதாக என்னிடம் இருந்தது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான். அந்த இலைக் கதையையும் எனக்குச் சொன்னவள் அத்தை. காட்டுவதற்குத் துண்டும் கையில் இல்லை.

“ஓரத்தப் பார்த்தாரா?” என்று கேட்டாள்.

“பார்த்தாரு.”

“மடிச்சுக்கிட்டாரா?”

“ஆமா.”

“மலை மேல ஏறிட்டாரா?”

ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. “மலையப் பார்த்துச் சத்தியம் பண்றேன் அத்த” என்றேன்.

“வேணாம்டா. அது பாவம், எத்தன தடவதான் கேக்கும்?”

கோபமாகச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். காவி வாசனை அந்தத் தண்ணீரிலும் இருந்தது. பிறகு ஊசியை என்னிடம் நீட்டி, “கண்ணு சரியாத் தெரியல, நூலக் கோத்துக் குடு” என்றாள்.

நூல் டப்பாவில் எல்லா நிறங்களும் கிடந்தன. நான் இலைக்குப் போடும் பச்சையை எடுத்தேன். நுனியை எச்சிலில் நனைத்துக் கோத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி ஊசியைப் பார்த்தாள். பச்சை நூலை உருவி, விரலில் சுற்றி, டப்பாவில் போட்டாள். வெள்ளையை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தானே கோத்துக்கொண்டாள்.